ஜப்திக்குப் போன இடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை

கோர்ட்டு ஊழியர் சங்கத்தில் சிறப்பு மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று என்னிடமும் கேட்டார்கள். தெலுங்கில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிப் போக வந்த ஸ்வப்னா, நான் பார்த்த அதே வேலையை இப்போது பார்ப்பவள். "நிஜங்கா மீரே வெள்ளி சாமான்லு தெச்சேவாரா, மேடம்?" என்று கேட்டாள். நிஜமாகவே நீங்களே போய்ச் சாமான்களைத் தூக்கி வருவீர்களா என்று. அவளுக்கு அது ஆச்சரியம். இப்போது பாதி ஜப்தி பாங்கிக்கு ஒரு மின்னஞ்சல் போவதோடு முடிந்துவிடுகிறது. கணக்கு முடங்கினால் கம்பெனிக்காரர்கள் வக்கீலோடு தாங்களே ஓடி வருகிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அந்த அரைப் பக்கத்தில் எழுதாமல் விட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்க என்னைத் தவிர ஆளில்லை. வீட்டில் என்னைத் தவிர ஆளே இல்லை என்பது வேறு விஷயம்.

நான் அமீனாவாக இருந்தேன். நீதிபதி தீர்ப்பை எழுதிவிட்டுப் போய்விடுவார். தோற்றவர் அதை மதிக்காவிட்டால், வாரண்டை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அமீனா. முதலில் என் கணவர் அந்த வேலையில் இருந்தார். பணியில் இருக்கும்போதே அவர் இறந்ததால் வாரிசு வேலை எனக்கு வந்தது. சில வருஷம் அட்டெண்டராக ஃபைல் சுமந்தேன், பரீட்சை எழுதினேன், அமீனா ஆனேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. திட்டு வாங்கத் தெரிந்தால் போதும்.

எங்கள் அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே பணிமனைத் தொழிலாளி. நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் பாதிப் பேர் தமிழர்கள். எல்லார் வீட்டுக்கும் நான் உரிமையாகப் போவது வழக்கம். அமீனா ஆனதும் அந்த வழக்கம் போயிற்று. யாரும் வராதே என்று சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைப் பார்ப்பார்கள். கையில் காகிதம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "வாங்க" வரும். கல்யாண வீட்டில் என் பக்கத்து நாற்காலி கடைசிவரை காலியாகவே இருக்கும். சரி, கால் நீட்டிக்கொள்ள வசதி என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

எங்கள் நாஜர் இக்பால் சாபைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாஜர்தான் அமீனாக்களுக்கெல்லாம் மேலதிகாரி, வாரண்டு அவர் கையிலிருந்துதான் வரும். என்னைவிட வயதில் சின்னவர், ஒல்லியான மனிதர். வாரண்டை அவர் உட்கார்ந்துகொண்டு கொடுத்ததே இல்லை. எழுந்து நிற்பார். மடித்துவிட்ட சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போடுவார். வாரண்டை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை உரக்கப் படிப்பார். பிறகு நாங்கள் திருப்பிப் படிக்க வேண்டும். நடுவில் ஒரு சொல் தடுக்கினாலும் மறுபடி முதலிலிருந்து. கோபமாகப் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். திரும்பி வந்தால் எடுத்து வந்த பொருளைக்கூட அப்புறம்தான் பார்ப்பார். எங்கே சாப்பிட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

"உதர் கா பானி நக்கோ பியோ, அம்மா." அந்த இடத்துத் தண்ணீரைக் குடிக்காதே. சட்டத்தில் எங்கும் இப்படி இல்லை, இது அவராகப் போட்ட விதி. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தால் நீ அந்த வீட்டு விருந்தாளி, விருந்தாளி எப்படி அந்த வீட்டு நாற்காலியைத் தூக்குவாள் என்பார். வாயைத் திறக்கச் சொல்லி டீ வாசனை பார்க்கிறாரோ என்று நாங்கள் கேலி பேசுவோம். ஆனால் விதியை மீறியதில்லை. என் பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் தயிர் சாதமும் இருக்கும். பஸ் நிறுத்தத்திலும் மூடிய கடை வாசலிலும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டே என் சர்வீஸ் கழிந்தது.

இனி அந்தக் கேஸ்.

மல்லேஷ் என்பவருக்குப் பட்டான்செரு பக்கம் ஒரு சின்ன இரும்புப் பட்டறை. அரசாங்கம் முழுப் பங்கும் வைத்திருந்த ஒரு பம்புசெட் கம்பெனிக்குக் கூரைக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார். வேலை முடிந்ததும் குறை சொல்லி, பணத்தை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தப்படி விவகாரம் நடுவரிடம் போயிற்று. நடுவர் ஓய்வு பெற்ற நீதிபதி, இரண்டு பக்கமும் கேட்டு மல்லேஷுக்குச் சாதகமாக அவார்டு கொடுத்தார். கம்பெனி மேல் கோர்ட்டு வரை போய்த் தோற்றது. அப்புறமும் கொடுக்கவில்லை. அதற்குள் மல்லேஷின் பட்டறையைக் கடனுக்காகப் பாங்கி எடுத்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. அவார்டை நிறைவேற்றித் தரும்படி எங்கள் கோர்ட்டில் மனுப் போட்டார். ஜப்தி வாரண்டு என் கைக்கு வந்தது.

அரசு கம்பெனி என்றால் அரசாங்கமே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பங்கு யாரிடம் இருந்தாலும் கம்பெனி ஒரு தனி ஆள். அதன் சொந்தச் சொத்தை அதன் பாக்கிக்காக எடுக்கலாம். அரசாங்கத்தின் சொத்தைக் கம்பெனி இரவலாக வாங்கி வைத்துப் பயன்படுத்தினால் அதைத் தொடக் கூடாது. ஆகவே அங்கே போனால் முதல் வேலை எது யாருடையது என்று பார்ப்பது.

பேகம்பேட்டில் ஹெட் ஆபீஸ். அங்கிருந்த சட்ட அதிகாரி நம்மவர். நான் பேசிய தெலுங்கிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க தமிழா? அப்ப நமக்குள்ள என்ன மேடம், உக்காருங்க. ஃபில்டர் காபி, வீட்லேர்ந்து கொண்டு வந்தது."

"வேண்டாம் சார். வாசல்ல நிக்கிற கார் யாரோடது?"

"வாடகைக் கார்."

"கம்ப்யூட்டர்?"

"குத்தகை."

"இந்த நாற்காலி, மேஜை?"

"மினிஸ்ட்ரியோடது. நாங்க உபயோகப்படுத்திக்கறோம், அவ்ளோதான்."

"ஃபேன்?"

"கட்டடத்தோட வந்தது. கட்டடமும் எங்களோடது இல்ல."

"அப்ப இந்தக் கம்பெனி எது மேல சார் நிக்குது?"

அவர் சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி வைத்திருந்தார், பொய் என்று தள்ள முடியாது. நடைபாதையில் காத்திருந்த மல்லேஷ், நான் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து, "அம்மா, இந்த பெத்த கம்பெனிகி ஏமீ லேதா?" என்றார். இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒன்றுமே இல்லையா? 'சொத்து கிடைக்கவில்லை' என்று எழுதி வாரண்டைத் திருப்பினேன்.

எதை எடுக்க வேண்டும் என்று காட்டுவது ஜெயித்தவர் வேலை, எடுப்பதுதான் என் வேலை. மல்லேஷ் யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். கம்பெனியின் தொழிலாளர் காலனியில் ஒரு சமூகக் கூடம் இருந்தது. அதற்கு இரும்புக் கூரை போட்டதும் அவர்தான். திறப்பு விழா விருந்தில் சாப்பிட்டிருக்கிறார். அங்கே அண்டா, தவலை, ஜாரிணி, தாம்பாளம் என்று ஊருக்கே சமைக்கிற பாத்திரங்களும் அடுக்கடுக்காக நாற்காலிகளும் உண்டு. எல்லாவற்றிலும் கம்பெனியின் பெயர் வெட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். நாஜர் விதி அவருக்கு இல்லையே.

அந்தக் காலனியில்தான் என் தங்கை கோமதி இருந்தாள். அவள் புருஷன் கம்பெனியில் ஃபோர்மேன். இந்த ஊரில் என் கையைப் பார்க்காமல் கதவைத் திறந்த ஒரே வீடு அது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே போய்விடுவேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இஞ்சி தட்டிப் போட்ட மோர் டம்ளர் என் முகத்துக்கு நேரே வந்துவிடும். "குடிச்சிட்டுப் பேசு" என்பாள். வாரம் முழுக்க நான் பேசாத பேச்சையெல்லாம் அங்கேதான் பேசித் தீர்ப்பேன்.

நாஜரிடம் சொன்னேன். தங்கை இருக்கிற காலனி, வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன்.

"கம்பெனி தும்ஹாரி பெஹன் ஹை க்யா?" கம்பெனி உன் தங்கையா?

"இல்ல, சாப்."

"தோ ஜாவ்." அப்படியானால் போ. எழுந்து நின்று, சட்டைக் கைக்குப் பொத்தான் போட்டு, வாரண்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

காலனிக்குப் போனபோது நல்ல வெயில். லாரி உள்ளே நுழைந்ததுமே பெண்கள் கூடத்தின் முன் கூடிவிட்டார்கள். ஆண்கள் ஷிஃப்டில் இருந்தார்கள். முன்னால் நின்றவள் கோமதி. காலனி மகளிர் சங்கம் அவள் பொறுப்பில் இருந்தது. கூடத்துச் சாவியும் அவள் இடுப்பில்தான். அடுத்த வாரம் அவள் பெண்ணுக்கு அதே கூடத்தில் வளைகாப்பு.

கடன்பட்டவர் வீட்டுச் சமையல் பாத்திரத்தை எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று ஒரு அம்மாள் கேட்டார். நல்ல கேள்வி. மல்லேஷின் வக்கீல், "அது மனுஷங்களுக்கு. கம்பெனிக்குப் பெண்டாட்டியும் இல்ல, அடுப்பும் இல்ல" என்றார். யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். அந்தப் பாத்திரங்களில் ஒன்றுகூடக் கம்பெனி வாங்கியதில்லை. கூடம் திறந்தபோது காலனிக் குடும்பங்கள் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தவை. கொடுத்ததோடு நிற்காமல், பாத்திரக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றிலும் கம்பெனியின் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நம்ம கம்பெனி என்ற பெருமை. ஹெட் ஆபீஸில் இருந்தவர்கள் மின்விசிறியைக்கூட எங்களுடையதில்லை என்று சொல்லக் கற்றிருந்தார்கள். இவர்கள் சொந்த அண்டாவில் கம்பெனி பெயரை வெட்டிவைத்திருந்தார்கள்.

ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்துச் சொல்லச் சொல்ல, சாட்சிகள் பார்க்க, ஆட்கள் லாரியில் ஏற்றினார்கள். கடைசியாக உள்ளே மூலையிலிருந்து ஒரு பெரிய பித்தளை அண்டாவை உருட்டி வந்தார்கள். கம்பெனியின் பெயர் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே, விளிம்பை ஒட்டி, தேய்ந்த தமிழ் எழுத்தில் புள்ளி புள்ளியாக 'தனம்' என்று இருந்தது. தனம் எங்கள் அம்மா.

"அக்கா, அம்மாவோட அண்டா" என்றாள் கோமதி.

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"ரெண்டு பேரும் வெட்டியிருக்குன்னு எழுதிக்கறேன். ஆட்சேபணை இருந்தா நீங்க கோர்ட்ல மனு போடுங்க."

"நீங்களா?" என்றாள். அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. ஜனங்களிடம் பேசிப் பேசிப் பழகிய வாய். பிறந்ததிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்டவளை 'நீங்க' என்றிருக்கிறேன்.

அவள் வீட்டுக்குப் போனாள். சண்டை போட ஆள் கூட்டி வரப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் மோர் டம்ளர்.

"வெயில்ல நிக்கிறே. குடி."

சுற்றிலும் சாட்சிகள், வக்கீல், மல்லேஷ், காலனி முழுவதும். என் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. "வேண்டாம்" என்றேன்.

"என் கையால தண்ணிகூட வேண்டாமா ஒனக்கு?"

"டூட்டில இருக்கேன், கோமு."

அவள் டம்ளரை வேப்பமரத்தடியில் மெதுவாகக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடத்துச் சாவியை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அண்டாவை எடுத்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்த மோரை மன்னிக்கவில்லை. காலனியில் எல்லோரும் "உங்க அக்காதானே" என்று அவளையே பிடித்துக்கொண்டார்கள். வளைகாப்புக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தார்களாம். அதுவும் அடுத்தவர் சொல்லித்தான் தெரியும், எனக்கு அழைப்பு வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். அந்தப் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம். பொழுதே போகாது. போன் செய்தால் மணி அடிக்கும், பிறகு நின்றுவிடும். வருஷக்கணக்கில் அப்படியே இருந்தது.

நான் செய்தது தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். என் தங்கையின் மோரைக் குடித்துவிட்டு அவள் அண்டாவை மட்டும் விட்டிருந்தால், மற்ற பெண்கள் என்னைக் காறித் துப்பியிருப்பார்கள், மல்லேஷும் துப்பியிருப்பார். ஆனால் தப்பில்லை என்பது பேச்சுத் துணைக்கு ஆகாது.

காலனிக்காரர்கள் ஆட்சேபணை மனுப் போட்டார்கள். அண்டாவில் இரண்டு பெயர் இருப்பதை நான் எழுதியிருந்ததும் வாசிக்கப்பட்டது. கொடுத்துவிட்டுக் கம்பெனி பெயரையும் வெட்டிய பிறகு அது கம்பெனியுடையதுதான் என்று மனு தள்ளுபடி ஆயிற்று. பாத்திரங்கள் எங்களுடையவை அல்ல என்று ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு வரி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஃபேன்வரை தன்னுடையதில்லை என்று சொன்ன ஆபீஸ் இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. வழக்கு இழுத்துப் போய், கடைசியில் ஏலத்துக்கு நாள் குறித்தார்கள்.

மல்லேஷ் கதையை முடித்துவிடுகிறேன். பம்புசெட் கம்பெனியின் அண்டா ஏலம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்ததும், அதுவரை இல்லாமல் இருந்த பாங்கிக் கணக்கு ஒன்று கம்பெனிக்குத் திடீரென்று இருந்தது. பணம் வந்து, பட்டறை பிழைத்தது. அவர் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை இக்பால் சாப் திறக்காமலே திருப்பி அனுப்பினார். ஆனால் படம் வந்ததே ஏலத்துக்குப் பிறகுதான்.

ஏலத்தை நடத்த வேண்டியவள் நான். நடத்துபவர் கேட்கக் கூடாது, வேறு யாரையும் தன் பணத்தில் கேட்கச் சொல்லவும் கூடாது. இது நாஜர் விதி இல்லை, சட்டமே. ஆகவே அம்மாவின் அண்டாவை நான் கூவி விற்கலாம், வாங்க முடியாது.

கோர்ட்டு வளாகத்துப் புங்கமரத்தடியில் பழம்பாத்திர வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தலையில் முந்தானை போட்டுக்கொண்டு கோமதி. இளைத்திருந்தாள். அண்டா வந்தபோது கை தூக்கினாள். சார்மினார் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அதற்கு மேல் கேட்டார். அவள் இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். "எந்தம்மா?" என்று, எவ்வளவு என்று நான் தெலுங்கில் கேட்க, அவளும் தெலுங்கிலேயே தொகையைச் சொல்லி, "மேடம்" என்று முடித்தாள். வருஷங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பெரியவர் மறுபடி ஏற்றினார். கோமதி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு தொகை சொன்னாள். அதற்கு மேல் அவளிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒருதரம், ரெண்டுதரம் கூவினேன். ரெண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யாருக்காவது இன்னும் கேட்க ஆசையிருந்தால் அந்த நேரத்தில் கேட்கலாம். அன்றைக்கு அந்தப் பார்வையைச் சுருக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சுருக்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தேன். பெரியவரிடம் வந்தபோது அவர் கையைப் பாதி தூக்கியிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பிக் கோமதியைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் அம்மாவின் அதே முன்துருத்திய நெற்றி. மறைக்க முடியாது.

"பெஹனா?" என்றார் என்னிடம். தங்கையா?

ஏலம் கேட்பவர்களோடு தொகை தவிர வேறெதுவும் பேசக் கூடாது. அவர் கையைக் கீழே போட்டுக்கொண்டார். "நக்கோ, மேடம். மேரே கு நக்கோ." எனக்கு வேண்டாம்.

மூன்றுதரம் கூவினேன். குரல் உடைந்துவிட்டது. உடைந்ததுதான், மறைப்பானேன்.

பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் அவள் தனியாக நின்றாள். இரண்டு பேர் இல்லாமல் தூக்க முடியாத அண்டா அது. ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. நான் போய் ஒரு பக்கத்து வளையத்தைப் பிடித்தேன். அவள் மறுபக்கம் பிடித்தாள். சின்ன வயதில் குவார்ட்டர்ஸ் குழாயடியிலிருந்து இப்படித்தான் தண்ணீர் தூக்கி வருவோம்.

"ஒன் பக்கம் சாயுது" என்றாள்.

சரியாகப் பிடித்தேன். வெயிலில் பித்தளை சுட்டது. ஆட்டோவில் ஏற்றியதும் மூச்சு வாங்கியது. அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். மூடியைத் திருகப் போனாள்.

"கோமு, கொஞ்சம் தண்ணி குடு" என்றேன். என் பாட்டில் உள்ளே மேஜைமேல் நிறையத்தான் இருந்தது.

திருகிய கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பக் குடிக்கலாமா நீங்க?"

நான் கையை நீட்டியபடியே நின்றேன். அவள் பாட்டிலை என் கையில் வைத்தாள். குடித்து முடிக்கும்வரை ஆட்டோக்காரனைப் போகச் சொல்லாமல் நிறுத்தி வைத்திருந்தாள். அந்த வருஷமே கம்பெனி அவள் புருஷனுக்கு ஓய்வு கொடுக்க, அவர்கள் மகளோடு புனாவுக்குப் போய்விட்டார்கள். அண்டாவும் போயிற்று. பண்டிகைக்குப் பண்டிகை போன் வரும், சௌக்கியமா என்பாள், சௌக்கியம் என்பேன்.

அன்றைக்கு ஆட்டோ திரும்பும்வரை பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலிகள் இன்னும் ஏலத்துக்குப் பாக்கி இருந்தன.